மிடில் ஸ்கூலில் அட்வைசரி வகுப்பு: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளையை ஆறாவதிலோ ஏழாவதிலோ சேர்த்துவிட்டுக் கிளம்பும்போது பள்ளி அலுவலகத்தில் ஒரு கால அட்டவணை கொடுப்பார்கள். கணக்கு, அறிவியல், இங்கிலீஷ், சமூக அறிவியல், பி.இ. என்கிற உடற்கல்வி, விருப்பப் பாடம் ஒன்று. இவற்றுக்கு நடுவில் இருபது, முப்பது நிமிடத்துக்கு 'அட்வைசரி' என்று ஒரு வகுப்பு இருக்கும். சில பள்ளிகளில் ஹோம்ரூம் என்பார்கள். சில இடங்களில் பள்ளியின் சின்னமாக இருக்கும் விலங்கு, பறவையின் பெயரைச் சேர்த்து 'ஈகிள் டைம்' என்பது போல அழைப்பார்கள். அதற்குப் பாடப்புத்தகம் கிடையாது, தேர்வு கிடையாது, பெரும்பாலும் மதிப்பெண்ணும் கிடையாது. அதனால் நம் பெற்றோர் பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. "சும்மா பேசிட்டு இருப்பாங்களாம், அந்த நேரத்துல ரெண்டு கணக்கு போட்டா என்ன?" என்று கேட்கிற அப்பாக்கள் ஒவ்வொரு ஆண்டும் பள்ளி திறக்கும்போது கண்ணில் படுகிறார்கள்.

புதிதாக வந்த குடும்பத்துக்கு அந்த அட்டவணையிலேயே மிகவும் உதவக்கூடிய வகுப்பு இதுதான் என்று நான் நம்புகிறேன். காரணத்தைச் சொல்லிவிட்டு, என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

இது எதற்காக வந்தது

நம் ஊர்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பு 'பி' பிரிவு என்றால் பிள்ளைகள் ஆண்டு முழுக்க ஒரே அறையில் இருப்பார்கள். ஆசிரியர்கள்தான் மாறி மாறி வருவார்கள். எல்லாவற்றுக்கும் பொறுப்பாக வகுப்பாசிரியர் என்று ஒருவர் இருப்பார். பிள்ளை நான்கு நாள் வரவில்லை என்றால் அவருக்குத் தெரியும், எந்தப் பாடத்தில் சறுக்குகிறது என்பதும் தெரியும். அமெரிக்காவில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நடக்கும் மிடில் ஸ்கூலில் எல்லாம் தலைகீழ். ஆசிரியர் தன் அறையிலேயே இருப்பார், மணி அடித்ததும் பிள்ளைகள்தான் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓட வேண்டும். கணக்கு வகுப்பில் இருக்கிற கூட்டம் வேறு, அறிவியல் வகுப்பில் இருக்கிற கூட்டம் வேறு. ஒரு பாட ஆசிரியர் ஒரு நாளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் பார்ப்பது சாதாரணம்.

இதில் புதுப் பிள்ளை எப்படித் தொலைந்துபோகும் என்று யோசித்துப் பாருங்கள். மதியச் சாப்பாட்டில் தனியாக உட்கார்ந்திருப்பதை ஒருவர் பார்ப்பார். பி.இ. வகுப்பில் உடை மாற்றக் கூச்சப்படுவதை இன்னொருவர் பார்ப்பார். வீட்டுப்பாடம் வரவில்லை என்று மூன்றாமவர் குறித்துக்கொள்வார். மூன்றும் ஒரே பிள்ளையின் ஒரே சிக்கல் என்று சேர்த்துப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள்தான் அட்வைசர், அதாவது அட்வைசரி வகுப்பை நடத்தும் ஆசிரியர்.

இந்த யோசனைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1909-ல் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் தொடங்கிய ஜூனியர் ஹை பள்ளிகள், காலப்போக்கில் உயர்நிலைப் பள்ளியின் சின்னப் பதிப்பாகவே ஆகிவிட்டன. பதினொன்று முதல் பதினாலு வயதுப் பிள்ளைகளுக்கு இது பொருந்தவில்லை என்ற பேச்சு வளர்ந்தது. 1963-ல் வில்லியம் அலெக்சாண்டர் என்ற கல்வியாளர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையிலிருந்துதான் மிடில் ஸ்கூல் இயக்கம் தொடங்கியது என்று பொதுவாகச் சொல்வார்கள். 1989-ல் கார்னகி அறக்கட்டளையின் குழு ஒன்று வெளியிட்ட அறிக்கை, ஒவ்வொரு மாணவரையும் நன்றாக அறிந்த ஒரு பெரியவராவது பள்ளியில் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அந்த ஒரு வரியை நடைமுறையில் கொண்டுவரும் ஏற்பாடுதான் அட்வைசரி.

1. உங்கள் பள்ளியில் எந்த வகை என்று கேளுங்கள்

எல்லாப் பள்ளியிலும் ஒரே மாதிரி நடக்காது. சில இடங்களில் தினமும் காலையில் முதல் வேலையாக இருக்கும். சில இடங்களில் வாரத்துக்கு ஒரு நாள்தான். சில பள்ளிகளில் ஆறாம் வகுப்பில் கிடைக்கிற அட்வைசர் எட்டாம் வகுப்பு முடியும்வரை கூடவே வருவார், சில பள்ளிகளில் ஆண்டுக்கு ஆண்டு மாறுவார். மூன்று ஆண்டும் ஒருவரே என்றால் அது பெரிய வரம். அந்த உறவை முதல் மாதத்திலிருந்தே பார்த்துப் பார்த்து வளர்த்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்திலோ, பள்ளி தொடங்கியதும் பெற்றோருக்காக நடக்கும் 'பேக் டு ஸ்கூல் நைட்' மாலையிலோ மூன்று விஷயம் கேட்டால் போதும். அட்வைசர் யார்? எத்தனை ஆண்டு அவரே இருப்பார்? அந்த நேரத்தில் எந்த நாள் என்ன நடக்கும்? திங்கள் பேச்சு வட்டம், புதன் படிப்பு, வெள்ளி மார்க் சரிபார்ப்பு என்று ஒரு அட்டவணை பெரும்பாலும் இருக்கும். வீட்டில் தமிழ் பேசுவதாகச் சேர்க்கைப் படிவத்தில் எழுதியிருந்தால் பிள்ளைக்கு ஆங்கிலத் திறன் சோதனை நடக்கும். அதன்பின் கூடுதல் ஆங்கில வகுப்புக்கு அட்வைசரி நேரத்தையே எடுத்துக்கொள்கிறார்களா என்பதையும் கேளுங்கள். அப்படி என்றால் அட்வைசரைச் சந்திக்க வேறு நேரம் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

2. பெயரைச் சரிசெய்யுங்கள்

சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் முதல் நாளே பிள்ளையைச் சுருங்க வைக்கிற விஷயம் இது. நம் பாஸ்போர்ட்டுகளில் பெயர் விதவிதமாக இருக்கும். குடும்பப்பெயர் இடத்தில் அப்பா பெயர் இருந்தால் பெரிய தொல்லை இல்லை. சிலருக்கு இது மாறிப்போய், ஆசிரியர் பிள்ளையை அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். முழுப் பெயரும் ஒரே இடத்தில் இருந்து மற்ற இடம் காலியாக இருந்தாலோ, விசாவில் 'எஃப்.என்.யு.' என்று மூன்று எழுத்து வந்துவிடும். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது. பள்ளிப் பதிவிலும் அப்படியே ஏறிவிட்டால், வருகைப்பதிவு எடுக்கும்போது அதையே பெயர் என்று நினைத்து வகுப்பில் உரக்கப் படிப்பார்கள்.

பெரும்பாலான பள்ளிகளின் கணினிப் பதிவில் 'கூப்பிடும் பெயர்' என்று தனியாக ஒரு கட்டம் உண்டு. அலுவலகத்தில் சொன்னால் மாற்றித் தருவார்கள். அட்வைசருக்கும் ஒரு வரி எழுதுங்கள். உச்சரிப்பைப் பிள்ளையே சொல்லிக் கொடுக்கட்டும். யாழினி என்று பெயர் வைத்துவிட்டு 'ழ' வராது என்பதற்காக முதல் நாளே 'யானி' என்று சுருக்கிக் கொடுக்க வேண்டியதில்லை. யா, ழி, னி என்று பிரித்துச் சொன்னால் அக்கறையுள்ள ஆசிரியர் முயன்று பார்ப்பார், கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை. பெயரைக் கற்றுக்கொள்வதற்கென்றே முதல் வார அட்வைசரியில் விளையாட்டுகள் வைத்திருப்பார்கள்.

3. உள்ளே என்ன நடக்கும் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்

மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். ஆசிரியரும் அதே வட்டத்தில்தான் உட்காருவார். பக்கத்தில் இருப்பவரின் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்வது ஒரு சுற்று. அப்புறம் 'ரோஜா, முள், மொட்டு' என்று ஒரு சுற்று. இந்த வாரம் நடந்த நல்லது ஒன்று, கஷ்டமானது ஒன்று, எதிர்பார்த்துக் காத்திருப்பது ஒன்று என்று ஒவ்வொருவரும் ஓரிரு வரி சொல்ல வேண்டும். பிறகு சின்ன விளையாட்டு, இல்லையென்றால் பள்ளி அறிவிப்புகள்.

கேட்டால் மட்டும் பதில் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு இது மிரட்சியாக இருக்கும். 'பாஸ்' என்று சொல்லிவிட்டு முறையை அடுத்தவருக்கு விடப் பெரும்பாலான அட்வைசர்கள் அனுமதிப்பார்கள், அதை முதலில் சொல்லிக் கொடுங்கள். பிறகு வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது இதையே விளையாடிப் பாருங்கள். அம்மா ஒரு ரோஜா ஒரு முள், அப்பா ஒரு ரோஜா ஒரு முள். தமிழிலேயே சொல்லலாம். என்ன சொல்வது என்ற பயம்தான் பாதி. கிரிக்கெட், தாத்தா வீட்டு நாய், புதிதாகக் கற்ற விளையாட்டு, பிடிக்காமல் போன மதியச் சாப்பாடு என்று கையில் நாலைந்து விஷயம் இருந்தால் அந்தப் பயம் குறையும்.

பெரியவர் பேசும்போது தலையைக் குனிந்துகொள்வது நம்மிடம் மரியாதை. இங்கே அதைக் கவனமின்மை என்றோ, ஏதோ மறைக்கிறான் என்றோ எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. முகத்தைப் பார்த்துப் பேசப் பழக்குங்கள். அதோடு அட்வைசரிடமும் சொல்லி வையுங்கள், அவரும் புரிந்துகொள்ளட்டும்.

பல பள்ளிகளில் அமெரிக்கக் கொடிக்கு உறுதிமொழி சொல்வதும் இந்த நேரத்தில்தான். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்து எச்-4 விசாவில் வந்த பிள்ளை, "நான் இந்த நாட்டுக் குடிமகன் இல்லையே, சொல்லலாமா?" என்று கேட்கும். நியாயமான கேள்வி. கொடிக்கு வணக்கம் செலுத்தவோ உறுதிமொழி சொல்லவோ எந்த மாணவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1943-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. மரியாதைக்காக எழுந்து அமைதியாக நிற்கலாம். சில மாநிலங்களில் விலக்குக்குப் பெற்றோரிடம் கடிதம் கேட்பார்கள். அட்வைசரிடம் கேட்டால் அந்தப் பள்ளியின் வழக்கத்தைச் சொல்வார்.

அப்புறம் லாக்கர், அதாவது புத்தகம், பை வைக்கப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தரும் பூட்டுள்ள சின்ன அலமாரி. இதற்காக அழுத பிள்ளைகள் நிறைய. மூன்று எண் கொண்ட சுழல் பூட்டை நம் பிள்ளைகள் பார்த்தே இருக்க மாட்டார்கள். வலப்பக்கம் மூன்று சுற்றுக்கு மேல் சுற்றி முதல் எண்ணில் நிறுத்த வேண்டும். பிறகு இடப்பக்கம் திருப்பி, முதல் எண்ணை ஒரு முறை தாண்டி இரண்டாம் எண்ணில் நிறுத்த வேண்டும். கடைசியில் வலப்பக்கம் நேராக மூன்றாம் எண்ணுக்கு வர வேண்டும். கொஞ்சம் தாண்டினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். வகுப்பு மாற இருப்பதோ நாலைந்து நிமிடம். அதே மாதிரி ஒரு பூட்டு வாங்கி வீட்டில் வைத்துப் பழக்கிவிடுங்கள். திறக்கவில்லை என்றால் அட்வைசரி நேரத்தில் உதவி கேட்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

4. முதல் மாதத்துக்குள் அட்வைசருக்கு ஒரு மெயில் எழுதுங்கள்

சிக்கல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தலைப்பில் பிள்ளையின் பெயரும் வகுப்பும் இருக்கட்டும். ஆசிரியரை மிஸ்டர், மிஸ் என்பதோடு அவரது கடைசிப் பெயரைச் சேர்த்து விளியுங்கள். நாலைந்து வரி போதும். இந்த மாதிரி:

"நாங்கள் ஜூலையில் மதுரையிலிருந்து வந்தோம். கவினுக்கு இது புதுப் பள்ளி, புது நாடு. ஆங்கிலம் நன்றாகப் புரியும், ஆனால் எல்லார் முன்னாலும் பேசத் தயங்குவான். சதுரங்கம் நன்றாக ஆடுவான். சைவம் மட்டுமே சாப்பிடுவான். மதியம் யாரோடு உட்காருவது என்பதுதான் இப்போது அவன் கவலை. உங்களால் முடிந்தால் ஒரு நண்பனை அறிமுகப்படுத்துங்கள். எங்களிடம் பேச மாலை ஐந்து மணிக்கு மேல் வசதி."

இதில் பெருமையும் இல்லை, புகாரும் இல்லை. அட்வைசரால் உடனே செய்ய முடிகிற ஒரு வேலை மட்டும் இருக்கிறது. சதுரங்கக் குழுவில் இருக்கும் இன்னொரு பையனை அவருக்குத் தெரிந்திருக்கும், அவன் பக்கத்தில் கவினை உட்கார வைப்பார். மதிய மேசையில் ஒரு இடம் கிடைத்துவிட்டால் பள்ளி பிடித்துப்போவதற்குப் பெரிய உதவி.

"என் மகன் ஊரில் வகுப்பில் முதல் மாணவன், ஏன் அட்வான்ஸ்டு கணக்கில் போடவில்லை?" என்று முதல் மெயிலிலேயே கேட்காதீர்கள். அது கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் கணக்கு ஆசிரியரிடமோ, பாடத் தேர்வுக்கும் மனக்கவலைக்கும் வழிகாட்டும் பள்ளிக் கவுன்சலரிடமோ கேட்க வேண்டும்.

தீபாவளிக்கு விடுப்பு வேண்டுமென்றால் சில நாள் முன்பே வருகைப்பதிவு அலுவலகத்துக்கு எழுதி, அட்வைசருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். மத விடுப்பாகப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்கலாம். அன்று தேர்வு இருந்தால் யாரிடம் பேசுவது என்று அட்வைசர் சொல்வார்.

5. வெள்ளிக்கிழமை மார்க் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்

அட்வைசரியின் பலன் எண்ணாகவே கண்ணுக்குத் தெரிவது இங்கேதான். பல பள்ளிகளில் வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகள் குரோம்புக் மடிக்கணினியைத் திறந்து எல்லாப் பாடத்தின் மதிப்பெண்ணையும் பார்த்து, எது பாக்கி என்று குறிப்பேட்டில் எழுத வேண்டும். பள்ளியைப் பொறுத்து கேன்வாஸ், பவர்ஸ்கூல், இன்ஃபினிட் கேம்பஸ் என்று மென்பொருள் மாறும்.

நம் ஊரில் பரீட்சைதான் எல்லாம். இங்கே வீட்டுப்பாடம், சின்னச் சோதனை, செயல்திட்டம் எல்லாமே ஆண்டு முழுக்கக் கூட்டலில் சேரும். ஒரு பாடத்தில் சம மதிப்புள்ள ஐந்து வேலை என்று வைத்துக்கொள்வோம். நான்கில் 90 வாங்கிய பிள்ளை ஐந்தாவதைச் சமர்ப்பிக்கவில்லை என்றால் அதற்கு 0. சராசரி 72-க்கு விழுந்துவிடும். 'ஏ' கிரேடில் இருந்த பிள்ளை 'சி'-க்கு வந்துவிட்டதே என்று வீட்டில் சண்டை நடக்கும். பார்த்தால் பிள்ளை அதை எழுதி முடித்திருக்கும், வீட்டுப்பாடம் அனுப்பும் கூகுள் கிளாஸ்ரூம் தளத்தில் 'டர்ன் இன்' (சமர்ப்பி) பொத்தானை மட்டும் அழுத்தியிருக்காது. புதிதாக வந்த பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடக்கிறது. பாடம் புரியாமல் போவதல்ல, நடைமுறை தெரியாமல் போவது. அட்வைசர் இதைப் பிடித்துவிடுவார், பெரும்பாலும் அந்தப் பாட ஆசிரியரிடம் பேசித் தாமதமாகச் சமர்ப்பிக்கவும் வழி கேட்டுத் தருவார்.

பெற்றோருக்கென்று தனிக் கணக்கு உண்டு, அதற்கான குறியீட்டை அலுவலகத்தில் வாங்குங்கள். பிள்ளையின் கடவுச்சொல்லை வைத்து உள்ளே போக வேண்டாம். மணிக்கொரு முறை திறந்து பார்ப்பதும் வேண்டாம், அது பிள்ளையைப் பொய் சொல்லத்தான் பழக்கும். வெள்ளி மாலை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, "இன்னிக்கு அட்வைசரியில என்ன பாக்கின்னு எழுதினே?" என்று கேட்டால் போதும்.

சில பள்ளிகள் இந்த நேரத்தில் குறிப்பெடுக்கவும் பழக்கும். கார்னெல் முறை என்பார்கள். தாளின் வலப்பக்க அகலமான பகுதியில் குறிப்பு, இடப்பக்க ஓரத்தில் கேள்வி, அடியில் சுருக்கம். கரும்பலகையில் இருப்பதை அப்படியே எழுதி மனப்பாடம் செய்து வந்த பிள்ளைக்கு நன்றாகக் கைகொடுக்கும். வீட்டில் கேலி செய்யாமல் விடுங்கள்.

6. சந்திப்பு நாளில் பிள்ளையைப் பேச விடுங்கள்

பெற்றோர் சந்திப்பு பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் வரும். பத்துப் பதினைந்து நிமிடம்தான். சில மிடில் ஸ்கூல்களில் இதைப் பிள்ளையே நடத்தும். தான் செய்ததில் பெருமைப்படுகிற ஒன்று, இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம் என்று நினைக்கிற ஒன்று, அடுத்த மூன்று மாதத்துக்கு ஒரு குறிக்கோள் என்று கோப்பு வைத்துக்கொண்டு பேசும். அதற்காக அட்வைசரியில் பல வாரம் தயாராகியிருக்கும். நடுவில் புகுந்து, "அதெல்லாம் இருக்கட்டும், கணக்குல எவ்வளவு?" என்று கேட்டால் அந்த உழைப்பு அத்தனையும் போச்சு. முழுதும் கேட்டுவிட்டு, "இந்தக் குறிக்கோளுக்கு நாங்க என்ன செய்யணும்?" என்று பிள்ளையிடமே கேளுங்கள்.

ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். பல பள்ளி மாவட்டங்களில் தொலைபேசி வழியாக ஏற்பாடு செய்வார்கள், அதற்குக் கட்டணம் கேட்பதில்லை. பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய குறையைத் தானே அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது.

7. சிக்கல் வந்தால்

கேலி, சாதி, நிறம், உச்சரிப்பு, டிபன் பாக்ஸ் வாசனை. இவற்றில் எதைப் பற்றிப் பிள்ளை சொன்னாலும் "கண்டுக்காதே" என்று அனுப்பிவிடாதீர்கள். எந்த நாள், எந்த இடம், யார், என்ன சொன்னார்கள் என்று எழுதி அட்வைசருக்கு அனுப்புங்கள். மறுபடி நடந்தால் கவுன்சலரையும் துணை முதல்வரையும் சேர்த்து எழுதுங்கள். எழுத்தில் இருப்பது முக்கியம்.

அட்வைசர் மனநல நிபுணர் அல்ல, அவர் ஒரு பாட ஆசிரியர். பள்ளிக் கவுன்சலர் வேறு ஆள். ஒரு கவுன்சலருக்கு 250 மாணவர்கள் என்பது அவர்கள் சங்கத்தின் பரிந்துரை. பல பள்ளிகளில் அதைவிட அதிகம். ஆகவே கவுன்சலரைத் தேடிப் போவதைவிட, தினமும் பிள்ளையைப் பார்க்கிற அட்வைசர் வழியாகப் போவது பெரும்பாலும் வேகமாக நடக்கும். பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், வாழவே பிடிக்கவில்லை என்று பேசினால் யாருடைய மெயிலுக்கும் காத்திருக்காதீர்கள். மனநெருக்கடிக்கான உதவி எண் 988-க்கு எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். உடனடி ஆபத்து என்றால் அவசர உதவி எண் 911.

இன்னொன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை அட்வைசரியில் "அப்பா அடிச்சாரு" என்று சொன்னால், துன்புறுத்தல் என்ற சந்தேகம் வரும் நிலையில் ஆசிரியர் அரசுத் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். எல்லா மாநிலங்களிலும் ஆசிரியர்களுக்கு இது சட்டக் கடமை, அவருக்கு உங்கள் மேல் கோபம் என்று பொருள் இல்லை. "வீட்டு விஷயத்தை ஸ்கூல்ல சொல்லாதே" என்று பிள்ளையின் வாயை அடைப்பதால் எந்தப் பயனும் இல்லை. அடிப்பதை நிறுத்துவதுதான் வழி. கோபத்தைக் கையாள உதவி வேண்டும் என்று நீங்களே கவுன்சலரிடம் கேட்கலாம். அப்படிக் கேட்டதற்காக யாரும் உங்களைத் தாழ்வாக நினைக்கப்போவதில்லை.

மனநிலை, குடும்பம், மத நம்பிக்கை பற்றிய கருத்துக்கணிப்புப் படிவங்களும் சில சமயம் இந்த வகுப்பில் கொடுக்கப்படும். இவற்றில் பலவற்றுக்குப் பெற்றோருக்கு முன்கூட்டியே அறிவிப்பு வர வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. விருப்பமில்லை என்று எழுதிக் கொடுக்கவும் உரிமை உண்டு. மறுப்பதற்கு முன் படிவத்தை வாங்கிப் படியுங்கள். தனிமையில் வாடும் பிள்ளையைப் பள்ளி கண்டுபிடிப்பது பல நேரம் இதன் வழியாகத்தான்.

அட்வைசரி சரியாக நடக்காத பள்ளிகளும் உண்டு. பிள்ளைகள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்க, ஆசிரியர் தாள் திருத்துவார். ஆசிரியர்களுக்குப் பயிற்சியோ தயாரிக்க நேரமோ தராமல் பள்ளி நிர்வாகம் இந்த வகுப்பைத் தலையில் கட்டிவிடும்போது இப்படி ஆகிறது. அப்போது அந்த ஆசிரியரைக் குறை சொல்லாமல், பெற்றோர் சங்கக் கூட்டத்தில் இந்த நேரத்துக்கு என்ன திட்டம் என்று பொதுவாகக் கேளுங்கள். நான்கு பெற்றோர் கேட்டால் பதில் வரும்.

8. பாடத் தேர்வுப் பருவம்

ஜனவரியிலிருந்து மார்ச் வரை அடுத்த ஆண்டுப் பாடப் படிவங்கள் பெரும்பாலும் அட்வைசரி வழியாகவே வரும். பிள்ளையின் பையில் கசங்கிக் கிடக்கும் அந்தத் தாளைத் தேடி எடுங்கள். எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா எடுப்பது போன்ற முடிவுகள் அப்போது நடக்கும், கடைசித் தேதி போனால் மாற்றுவது கடினம். எட்டாம் வகுப்புப் பிள்ளை என்றால் உயர்நிலைப் பள்ளிக் கவுன்சலர்களே வந்து ஒன்பதாம் வகுப்புப் பாடங்களை விளக்குவார்கள். எந்தத் தேதியில் வருகிறார்கள், பெற்றோருக்கு மாலைக் கூட்டம் உண்டா என்று அட்வைசரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கோடைக்கால வகுப்புக்கோ வேறு பள்ளிக்கோ பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டால், பிள்ளையை நன்றாக அறிந்தவர் என்ற முறையில் அட்வைசரிடம் கேட்பது பொருத்தம். இரண்டு மூன்று வாரம் அவகாசம் கொடுத்து ஏப்ரலிலேயே கேட்டுவிடுங்கள். விடுமுறை தொடங்கிவிட்டால் ஆசிரியர்கள் பள்ளி மெயிலைத் திறப்பது அரிது.